ஒரு டன் வலைக்கு நூறு டன் பிடிமானம்

2015 மே முதல் அக்டோபர் வரை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ரோஸ் கென்னடி பசுமைவெளிக்கு மேலே ஒரு வலைச் சிற்பம் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. நீளம் 600 அடி. மிக உயரமான கட்டுமுனை தரையிலிருந்து 365 அடி. அதில் போன நூல் 100 மைலுக்கு மேல், அதாவது சுமார் 161 கிலோமீட்டர். சென்னையில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை விழுப்புரத்தைத் தொட்டுவிடும். முடிச்சுகள் 5 லட்சத்துக்கு மேல். இவ்வளவும் சேர்ந்து எடை ஏறத்தாழ ஒரே டன், 2,000 பவுண்டு. ஆனால் அதைத் தாங்கிய உயரக் கட்டடங்களின் மீது அது செலுத்தக்கூடிய இழுவிசை 100 டன்னுக்கு மேல் என்று பொறியாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள்.

ஒன்றுக்கு நூறு என்ற இந்த விகிதம்தான் காற்றில் ஆடும் பொதுச் சிற்பங்களின் வரவு செலவை முழுவதும் தீர்மானிக்கிறது. நூலுக்கும் முடிச்சுக்கும் ஆகும் செலவு சிறியது. காற்று இழுக்கும்போது விடாமல் பிடித்துக்கொள்வதற்குத்தான் பணம் போகிறது. பாய்மரக் கப்பல் ஓட்டியவர்களுக்கு இது பழைய பாடம். பாய் லேசானது. மரமும் கயிறும் அடித்தளமும்தான் கனம்.

சிற்பி ஜேனட் எக்கல்மன். இவருடைய கணக்கு தொடங்குவது நம் கடற்கரையில். ஏழு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஏழிலும் இடம் கிடைக்காதவர். தாமாகவே ஓவியம் பழகியவர். 1997இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியா வந்து, ஓவியக் கண்காட்சி வைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. மாமல்லபுரத்தில் வெண்கல வார்ப்பு செய்து பார்த்தார். பெரிய உருவம் என்றால் எடையும் செலவும் கட்டுக்கடங்கவில்லை. வெண்கலம் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.8 கிராம், ஆள் உயரச் சிலையே தூக்க முடியாத பாரமாகிவிடும். அப்போதுதான் மாலையில் கரையில் மீனவர்கள் வலைகளைக் குவித்துக் கட்டுவதைப் பார்த்தார். கனமே இல்லாமல் பருமன் கிடைக்கும் வழி இது என்று பட்டது. அங்கிருந்த மீனவர்களோடு சேர்ந்தே முதல் வலைச் சிற்பத்தைச் செய்தார். கம்பங்களில் ஏற்றிப் படம் எடுக்கப் போனபோது, காற்றின் ஒவ்வோர் அசைவும் அந்த வலையில் தெரிந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், போர்ச்சுகலின் போர்ட்டோவை ஒட்டிய மத்தோசின்யோஸ் என்ற மீன்பிடித் துறைமுக நகரில் இவருடைய முதல் பெரிய நிரந்தரச் சிற்பம் எழுந்தது. கடற்கரைச் சாலையை மறுவடிவமைத்த நகரமைப்பாளர் மானுவல் சோலா-மொராலெஸ்தான் இவரை அழைத்தவர். வலையின் பரப்பு 50,000 சதுர அடி, அதாவது 4,645 சதுர மீட்டர். வலையைத் தாங்கும் எஃகு வளையம் 20 டன். வளையத்தைத் தாங்குபவை மூன்று எஃகுத் தூண்கள்; அவ்வூர்க் கலங்கரை விளக்கங்களையும் ஆலைப் புகைபோக்கிகளையும் நினைவூட்டும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் அடித்தவை. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘அனெமோனா’, கடல் சாமந்தி.

கடல் உப்பையும் வெயிலையும் தாங்கி, அதே சமயம் காற்றில் நெகிழ்ந்து ஆடக்கூடிய இழையைத் தேடுவதற்கு மட்டும் 2 ஆண்டுகள் ஆயின. மொத்தம் 3 ஆண்டுகள் கழித்துத்தான் வலை மேலேறியது. வடிவம் கலையக் கூடாது, ஆனால் ஆட்டமும் மெதுவாக இருக்க வேண்டும். இந்த இரட்டைச் சிக்கலுக்கு எக்கல்மன் போய் நின்றது பீட்டர் ஹெப்பல் என்ற வானூர்திப் பொறியாளரிடம். அமெரிக்கக் கோப்பைப் போட்டிப் படகுகளுக்குப் பாய் வடிவமைப்பவர் அவர். துணி காற்றில் எங்கே புடைக்கும், எங்கே மடங்கும், எந்த ஓரத்தில் இழுவை கூடும் என்று கணக்கிடுவதே அவர் தொழில். அந்தக் காலத்துப் போட்டிப் படகு ஒன்று சுமார் 24 டன் எடை; காற்றை எதிர்த்துச் செல்லும்போது விரிக்கும் பாய்கள் முந்நூறு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். மத்தோசின்யோஸ் வலையின் பரப்பு அதைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. படகுக்கு இருக்கும் சலுகையும் இதற்குக் கிடையாது. காற்று அடித்தால் படகு சாய்ந்துகொடுக்கும், திசை திரும்பும், முன்னே ஓடும். ஊர் நடுவில் நிற்கும் சிற்பம் எங்கே ஓட முடியும்?

இனி காற்றின் கணக்குக்கு வருவோம். இந்தியக் கட்டடத் தரவிதி பயன்படுத்தும் சூத்திரமே போதும்: காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். எளிதாகப் புரிய அதைக் கிலோவில் சொல்கிறேன்.

நொடிக்கு 10 மீட்டர் (மணிக்கு 36 கி.மீ.): சதுர மீட்டருக்கு 6 கிலோ
நொடிக்கு 20 மீட்டர் (72 கி.மீ.): 24.5 கிலோ
நொடிக்கு 40 மீட்டர் (144 கி.மீ.): 98 கிலோ
நொடிக்கு 50 மீட்டர் (180 கி.மீ.): 153 கிலோ

வேகம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்கு. மாலையில் முகத்தில் படும் இதமான கடற்காற்றுக்கும் புயலுக்கும் வேகத்தில் ஐந்து மடங்கு வேறுபாடுதான். சுமையிலோ இருபத்தைந்து மடங்கு. சிற்பத்தை அழகாக ஆட்டுவது முதல் வரியில் இருக்கும் 6 கிலோ. தூணுக்கும் அடித்தளத்துக்கும் பணம் கொடுப்பது கடைசி வரிகளுக்காக.

இதை மத்தோசின்யோஸ் வலையில் பொருத்திப் பார்ப்போம். கணக்குக்காக அந்த 4,645 சதுர மீட்டரும் வலையாக இல்லாமல் பாய்த் துணியாக இருந்து, முழுதும் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 72 கி.மீ. காற்றில் 114 டன். 144 கி.மீ. காற்றில் 455 டன். இதைப் பிடித்து நிறுத்த மூன்று தூண் போதாது. அதே பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் நூல், மீதி வலைக்கண்கள் என்றால் சுமை 11 டன்னாகவும் 45 டன்னாகவும் இறங்கிவிடுகிறது. பாயின் வடிவத்தைப் பாய்த் துணியில் செய்யாமல் மீன் வலையில் செய்ததால் கிடைத்த மிச்சம் அது. காற்றைப் பிடிப்பதற்காகப் பாய், காற்றை விடுவதற்காகக் கண். இந்தச் சிற்பத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன. என்னைக் கேட்டால், மாமல்லபுரம் கரையில் எக்கல்மனுக்குக் கிடைத்த மிகப் பெரிய பொறியியல் பாடமே வலைக்கண்தான். அழகு அதற்குப் பிறகு வந்தது.

காற்று மட்டும் இல்லை, தொய்வும் செலவைக் கூட்டிக் குறைக்கும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கட்டிய கயிறு எவ்வளவு தொய்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு இழுவிசை குறையும். விதி எளிது: மொத்தச் சுமையை இடைவெளியால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். பாஸ்டனை ஒத்த அளவுகளை எடுப்போம். இடைவெளி 180 மீட்டர், பரவலான சுமை 900 கிலோ. நடுவில் 18 மீட்டர் தொய்வு விட்டால் கயிற்றின் கிடை இழுவிசை 1,125 கிலோ. தொய்வை 9 மீட்டராக்கினால் 2,250. நான்கரை மீட்டர் என்றால் 4,500. கிட்டத்தட்ட நேர்கோடாக இழுத்து 1.8 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 11,250 கிலோ. ஒரு டன்கூட இல்லாத வலை, காற்றே அடிக்காதபோது பதினோரு டன் கேட்கும்.

காற்றையும் சேர்த்துக்கொள்வோம். 161 கிலோமீட்டர் நூல் 900 கிலோ என்றால் மீட்டருக்குச் சுமார் 5.6 கிராம். தண்ணீரைவிட லேசான இழையில் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பருமன். நீளத்தைப் பருமனால் பெருக்கினால் காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு 483 சதுர மீட்டர். மணிக்கு 144 கி.மீ. காற்றில் 47 டன். 18 மீட்டர் தொய்விலேயே கயிற்று இழுவிசை 59 டன். தொய்வு குறைந்தால் நூறைத் தாண்டுகிறது. எல்லா நூலும் காற்றுக்குக் குறுக்காக நிற்காது என்பதால் இது மேல்வரம்பு. தொய்வின் அளவும் நான் எடுத்துக்கொண்டதுதான். ஆனாலும், வெளியிடப்பட்ட நூறு டன் எங்கிருந்து வருகிறது என்பது இந்த நாலு வரிக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

இழைக்கு வருவோம். மத்தோசின்யோஸில் பயன்பட்டது டெனாரா என்ற வணிகப் பெயரில் வரும் இழை. சமையல் பாத்திரங்களில் ஒட்டாமல் இருக்கப் பூசும் டெஃப்லானின் வகை அது. அடர்த்தி தண்ணீரைப் போல 2.2 மடங்கு, உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை அரிக்காது. இதே பொருளில் செய்த தையல் நூலைப் பாய்களையும் படகுக் கூரைத் துணிகளையும் தைப்பதற்கு விற்கிறார்கள். தற்காலிகச் சிற்பங்களில் உயர் வலிமை பாலிஎத்திலீன் இழைகள் வருகின்றன, அடர்த்தி 0.97, தண்ணீரில் மிதக்கும், எடைக்கு எடை எஃகைப் போலப் பதினைந்து மடங்கு பலம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. போட்டிப் படகுகளில் பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளும் ஆழ்கடல் இழுவலைகளும் இதே இழையில்தான் வருகின்றன. குறையும் உண்டு: 145 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உருகிவிடும், இடைவிடாத இழுப்பில் மெல்ல மெல்ல நீளும். ஆறு மாதத்துக்கு இது தாராளமாகப் போதும். இருபது ஆண்டுக்கு என்றால் மாற்று வலைக்கான தொகையை முதல் நாளே ஒதுக்கி வைக்க வேண்டும்.

முடிச்சுகளைப் பற்றி நிதானமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மனிதக் கை இருப்பது இங்கேதான். மூன்று சிற்பங்களின் எண்களை அடுத்தடுத்து வைக்கிறேன்.

பாஸ்டன், 2015: நூல் 161 கி.மீ., முடிச்சு 5 லட்சத்துக்கு மேல். சராசரியாக 32 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு
வான்கூவர், 2014: இடைவெளி 745 அடி, எடை 3,500 பவுண்டு, நூல் 233 கி.மீ., முடிச்சு 8,60,000. 27 சென்டிமீட்டருக்கு ஒன்று
செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஃபுளோரிடா, 2020: இடைவெளி 424 அடி, உச்சி உயரம் 72 அடி, நூல் 290 கி.மீ., முடிச்சு 16,62,528. 17 சென்டிமீட்டருக்கு ஒன்று

முதல் இரண்டும் தற்காலிகமானவை, மூன்றாவது நிரந்தரமானது, மணிக்கு 150 மைல் (241 கி.மீ.) காற்றுக்கு வடிவமைத்தது. இடைவெளி மூன்றிலும் குறைவு, நூலும் முடிச்சும் மூன்றிலும் அதிகம்.

வலை முடிச்சும், மாலுமிகள் பாயின் கயிற்றை மற்றொரு கயிற்றோடு சேர்க்கப் போடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. ஒரு வளையம், அதைச் சுற்றி வந்து தன்னடியிலேயே நுழையும் மறு கயிறு. இழுக்க இழுக்க இறுகும். எந்த முடிச்சும் கயிற்றின் பலத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும் என்பதால், பெரிய இழுவை தாங்கும் தடித்த கயிறுகளை முடிச்சிடாமல் புரிக்குள் புரியைக் கோத்துப் பின்னிச் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் கையால் ஆகிற வேலை. வலையின் பெரும்பகுதியை வலை பின்னும் எந்திரம் ஒரே தட்டலில் ஒரு வரிசை முடிச்சாகப் போட்டுவிடும். ஓரம், இணைப்பு, வளைவு எல்லாம் கைக்கு வரும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 16,62,528 முடிச்சையும் கையாலேயே போடுவதாகவும், பழகிய கைக்கு ஒரு முடிச்சுக்கு 5 நொடி ஆவதாகவும் கொள்வோம். 2,309 மணி நேரம். நாளைக்கு 8 மணி நேரம் என்றால் ஒருவருக்கு 289 நாள். பத்துப் பேருக்கு ஒரு மாதம்கூட இல்லை. நாள் கூலி 1,000 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 2 லட்சத்து 89 ஆயிரம். பத்து மடங்கு கொடுத்தாலும் 29 லட்சத்தைத் தாண்டாது.

இப்போது இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு மொத்தச் செலவு வேண்டும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரப் பூங்காவில் 2009இல் எழுந்த எக்கல்மன் சிற்பம் 145 அடி உயரம், நிரந்தரமானது. செலவு 24 லட்சம் டாலர். அந்த ஆண்டின் சுமார் 48 ரூபாய் மாற்று மதிப்பில் 11.5 கோடி ரூபாய். பொதுப்பணத்தில் இவ்வளவா என்ற வாதம் அந்நகரில் பலமாகவே நடந்தது, நடக்கவும் வேண்டும். அந்தத் தொகையில் துத்தநாகம் பூசிய எஃகு, எஃகு வடங்கள், பாலியெஸ்டர் வலை, இரவில் நிறம் மாறும் விளக்குகள் எல்லாம் அடக்கம். பாஸ்டனில் தூண் நடவில்லை, அடித்தளம் தோண்டவில்லை. பக்கத்துக் கட்டடங்களின் தோளை ஆறு மாதத்துக்கு இரவல் வாங்கினார்கள். நிரந்தரச் சிற்பத்துக்கு அந்த இரவல் கிடையாது. தன் தூணைத் தானே கொண்டுவர வேண்டும், அதற்குக் கீழே மண்ணுக்குள் கான்கிரீட்டைக் கொட்ட வேண்டும். மேலே பார்த்த காற்றுப் பட்டியலின் கடைசி வரிகள் ரூபாயாக மாறுவது அங்கேதான்.

இத்தகைய பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் நாம் கவனிக்க வேண்டியது. 1959இல் ஃபிலடெல்ஃபியா தொடங்கி அமெரிக்க நகரங்கள் பல, பொதுக் கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் விதியை வைத்திருக்கின்றன. ஃபீனிக்ஸ் அதை 1986இல் ஏற்றது. 100 கோடியில் பேருந்து நிலையம் கட்டினால் 1 கோடி. பாலத்துக்கும் குடிநீர்த் திட்டத்துக்கும் ஒதுக்கியதைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டியதில்லை, திட்டத்தின் உள்ளேயே அந்த ஒதுக்கீடு இருந்துவிடுகிறது. நம் ஊராட்சி, நகராட்சிக் கட்டுமானங்களிலும் இப்படி ஓர் ஒதுக்கீடு இருப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

எக்கல்மனின் சில சிற்பங்களுக்குப் பெயரே எண்தான். 2010இல் டென்வரில் வைத்ததற்கு ‘1.26’ என்று பெயர். அந்த ஆண்டு பிப்ரவரியில் சிலி நாட்டில் வந்த 8.8 அளவு நிலநடுக்கம் பூமியின் ஒரு நாளை 1.26 மைக்ரோநொடி குறைத்திருக்கும் என்று நாசா விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். 2016 ஜனவரியில் லண்டனில் வைத்தது ‘1.8’, 2011 ஜப்பான் நிலநடுக்கத்தின் கணக்கு. அதே நாசா மாதிரியின்படி 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் குறைத்தது 6.8 மைக்ரோநொடி. அன்று ஆழிப்பேரலை ஏறிய கரைகளில் மாமல்லபுரமும் ஒன்று. இந்த வலைக் கலை பிறந்த மணலுக்கு உரிய எண் அது. அதற்கு இன்னும் ஒரு சிற்பம் இல்லை என்பது எனக்கு மனத்தில் உறுத்துகிறது.

அப்படி ஒன்றை நம் கரையில் வைப்பதென்றால் என்ன ஆகும்? இந்தியத் தரவிதி சென்னைப் பகுதிக்கு வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். 500 சதுர மீட்டர் நூல் முகம் கொண்ட வலை அந்தக் காற்றில் 76 டன் வாங்கும். இது மிகை அச்சம் அன்று: 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்தது, மணிக்கு 65 முதல் 75 கி.மீ. வேகத்தில், இடையிடையே 85. அது மிதமான புயல். 2016இன் வர்தா அதைவிட மிகக் கடுமையானது.

76 டன்னுக்கு அடித்தளம் போடுவது ஒரு வழி. மற்றொரு வழியைக் கடலோடிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: காற்று மிஞ்சினால் பாயைச் சுருட்டி இறக்கு. புயல் எச்சரிக்கை வந்த அன்றே வலையை இறக்கிவிடும்படி கப்பியும் கயிறும் வைத்து, வலையின் சுமையை நொடிக்கு 20 மீட்டர் காற்றோடு நிறுத்திக்கொண்டால் அது 12 டன். ஆறில் ஒரு பங்கு. தூண்களை மட்டும் 50 மீட்டர் வேகத்துக்கே வடிவமைக்க வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஆனால் இறக்கும் வலைக்கு ஆள் வேண்டும். ஆண்டு முழுதும் சம்பளம் வாங்கும், வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் வேறுபாடு தெரிந்த, கிழிந்த கண்ணைப் பொத்தத் தெரிந்த ஆள். கான்கிரீட்டுக்குப் போகிற பணம் கூலிக்குப் போகும். அந்தத் திறமை உள்ளவர்கள் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கரையெங்கும் இருக்கிறார்கள். பிற நாட்டு நகரங்கள் பல விலை கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டிய அறிவு நமக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது.

ஆகவே கடற்கரை அழகுபடுத்தும் திட்டம் தீட்டும் நகராட்சிகளுக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். காற்றில் ஆடும் சிற்பம் ஒன்றுக்கு ஒப்பந்தம் கோரும் நாளில் நான்கு எண்களைக் கேட்டு வாங்கி மக்கள் பார்வைக்கு வையுங்கள்: எந்தக் காற்று வேகத்துக்கு வடிவமைத்தது, பிடிமானங்களில் எத்தனை டன், வலையை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு செலவில் மாற்ற வேண்டும், வலை பின்னுகிறவர்களுக்கும் இறக்கி ஏற்றுகிறவர்களுக்கும் ஆண்டுக் கூலி எவ்வளவு. நான்காவது எண்ணைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.